பங்கர் இருந்த இடத்தில் ஒரு சிறுகுளம்

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் அந்த அம்மாவை நான் முதன்முதலில் சந்தித்தது 2017 ஆம் ஆண்டு மாரிகாலத்தில். வாழ்வாதார உதவிக்கான படிவம் நிரப்பப் போயிருந்தேன். வீட்டின் பின்புறம் 'ட' வடிவில் ஒரு கிடங்கு. அதற்குள் பாசி பிடித்த மழைநீர், நிறைய நுளம்பு. பேரப்பிள்ளை விழுந்துவிடும் என்ற பயத்தில் சுற்றிவர முட்கிளை வெட்டிப் போட்டிருந்தார். அதற்கு முந்திய கிழமைதான் ஆட்டுக்குட்டி ஒன்று அதற்குள் விழுந்து செத்துப் போயிருந்தது.

"இதை மூடிவிடலாமே அம்மா?" என்று கேட்டேன்.

"அவர் வெட்டின பங்கர் பிள்ளை. 2008இல ரெண்டு நாளாய் அலவாங்கால குத்தி வெட்டினவர். மூட மனம் வரேல்லை."

கணவர் 2009 இல் காணாமற் போனவர். செட்டிகுளம் முகாமிலிருந்து 2011 இல் இவர் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. பங்கரின் மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கிடங்கு மட்டும் இருந்தது. எங்களுடைய படிவத்தில் அதை எழுதுவதற்கு ஒரு கட்டமும் இல்லை. நான் பட்டப்படிப்பில் படித்த சமூகவியலிலும் இதற்கு ஒரு பாடம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அடுத்த முறை போனபோது அவரே கேட்டார். "மாரித் தண்ணி சும்மா நிண்டு ஊறிப் போகுது. இதைக் குளமாய் வைச்சிருக்கேலாதோ?"

வைத்திருக்கலாம். ஆனால் பழைய பங்கரை அப்படியே குளமாக்க முடியாது. எமது வாசகிகள் பலரின் வளவுகளிலும் இப்படியான பள்ளங்கள் இருப்பதனால் செய்த முறையைச் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

முதலாவது, பாதுகாப்பு. கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியென்றாலும் பழைய கிடங்கைக் கிளறும்போது இரும்பாக ஏதாவது தட்டுப்பட்டால் கையால் தொடவேண்டாம், மண்வெட்டியால் தட்டியும் பார்க்கவேண்டாம். அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். பொலிசாரின் அவசர இலக்கம் 119. அந்த அம்மாவின் கிடங்கிலும் துருப்பிடித்த ஏதோ ஒன்று தெரிந்தது. வந்து பார்த்தபோது அது பழைய விளக்கின் தகரம். அதற்காக அரைநாள் போனது, போகட்டும்.

ஆறடி ஆழம் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆபத்து. எனவே பாதிக்கு மேல் மண்ணிட்டு நிரப்பவேண்டும். இங்குதான் பலரும் அவசரப்படுகின்றார்கள். புதிதாக நிரப்பிய மண் இறுகாமல் அதன்மேல் விரிப்பு விரித்தால், முதல் மழையிலேயே நிலம் இறங்கி விரிப்புக் கிழியும். அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து, உலக்கையால் இடித்து இடித்து நிரப்பினோம். பின்பு ஒரு மாரி முழுவதும் அப்படியே விட்டோம். அந்த மாரியில் நடுப்பகுதி ஒரு சாண் இறங்கியது.

குளத்தின் அளவு, மேலே நீளம் 8 அடி, அகலம் 5 அடி, ஆழம் 2 அடி. பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் உட்சரிவாக வெட்டினால் மண் சரியாது. அடியில் 6 அடிக்கு 3 அடி வரும். இப்படியான குளம் ஏறத்தாழ 1600 லீற்றர் கொள்ளும். விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாக இருப்பது மிக முக்கியம். கண்ணுக்கு மட்டமாகத் தெரிவதை நம்பாதீர்கள். மேசன்மார் செய்வதுபோல ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு நுனிகளையும் இரண்டு பக்கத்திலும் பிடித்துப் பாருங்கள். இரண்டு நுனியிலும் நீர் எங்கே நிற்கின்றதோ அதுதான் மட்டம்.

விரிப்பை வாங்குவதற்கு முன்னர் ஒரு சிறு கணக்கு. நீளத்தோடு ஆழத்தின் இருமடங்கைக் கூட்டி, விளிம்புக்கு மேலும் 2 அடி சேர்க்கவேண்டும். 8, 4, 2 சேர்ந்தால் 14 அடி. அகலத்துக்கும் அவ்வாறே 5, 4, 2 சேர்ந்து 11 அடி. நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனம் மெல்லிய பொலித்தீனைக் கொடுத்துக் குளம் வெட்டச் சொன்னது. ஒரு வெயிற்காலத்திலேயே அது அப்பளம்போல நொறுங்கியது. பெண்கள் வெட்டிய குழிகள் குழிகளாகவே கிடந்தன. அந்தக் கிராமங்களுக்கு மீண்டும் போக எனக்கு வெட்கமாக இருந்தது. தடித்த கறுப்பு விரிப்பாக இருக்கவேண்டும். வெயில் படும் விளிம்பை மண்ணாலும் கல்லாலும் மூடவேண்டும்.

விரிப்பின் கீழே கல், வேர் எல்லாவற்றையும் கையால் தடவிப் பொறுக்கி, அரித்த மணலை இரண்டு அங்குலம் பரப்பி, அதன்மேல் பழைய உரப்பைகளோ துணிகளோ போடவேண்டும். அந்த அம்மா பெட்டியிலிருந்து மூன்று பழைய சேலைகளைக் கொண்டுவந்தார். "அப்ப மண்மூட்டை கட்டவும் சீலைதானே கிழிச்சனாங்கள்" என்றார். சொல்லிவிட்டு அவரே குழிக்குள் இறங்கி, மடிப்பு விழாமல் விரித்தார்.

களிமண் கிடைக்கும் இடத்தில் விரிப்பு இல்லாமலும் செய்யலாம். ஈரக் களியை அரையடித் தடிப்புக்குப் பூசி, காலால் நன்றாக மிதிக்கவேண்டும். ஆனால் குளம் முற்றாக வற்றினால் களி வெடித்துவிடும். அதன்பின் தண்ணீர் நிற்காது.

குளத்தை நிரப்புவது கூரைத் தண்ணீர். 500 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஆயிரம் லீற்றருக்கு மேல் ஓடி வரும். இரண்டு நல்ல மழை போதும். ஆனால் நிரம்பிய குளம் ஆடி மாதம்வரை தாங்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வெயிற்காலத்தில் இந்த அளவுக் குளத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரு பெரிய வாளித் தண்ணீர் ஆவியாகவே போய்விடும். மாசி, பங்குனியில் கிணறு இறங்கத் தொடங்கும்போது, கத்தரிக்கும் மிளகாய்க்கும் இன்னும் சில கிழமை தண்ணீர் கிடைக்கும். சித்திரையில் மழை பெய்தால் மறுபடி கொஞ்சம் நிறையும். இதற்காக வட்டிக்குக் கடன் எடுக்காதீர்கள். அந்தளவு வருமானம் இதில் இல்லை.

நுளம்புக்குக் கப்பி மீன் விட்டோம். பத்து மீன் விட்டால் போதும், அவை தாமாகவே பெருகி நுளம்புக் குடம்பிகளைத் தின்றுவிடும். டெங்கு வரும் மாரிகாலத்தில் இதை மறக்கக்கூடாது. விளிம்பின் ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நட்டார். ஆகாயத்தாமரையை மட்டும் அழகுக்காகக்கூட விடவேண்டாம்.

விரிப்புப் பாசி பிடித்தால் வழுக்கும், விழுந்தவர் ஏறமுடியாது. இரண்டடித் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்துத்தான். ஆகையால் ஒரு பக்கத்தில் மண் நிரப்பிய உரப்பைகளைப் படிபோல அடுக்கி, சுற்றிவரப் பனைமட்டை வேலி அடைத்து, படலைக்கு உயரத்தில் கொளுக்கி போட்டோம்.

பங்கரின் மற்றக் கிளை அப்படியே இருக்கின்றது. கணவர் வெட்டிய மூன்று மண்படிகளை அவர் மூடவிடவில்லை. அந்தத் தாழ்வில் இப்போது நாற்றுமேடை போட்டிருக்கின்றார். போன பங்குனியில் போனபோது படியில் இருந்து மிளகாய் நாற்றுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது ஒரு சோடாப் போத்தலில் கப்பி மீன் பிடித்துத் தந்தார், அடுத்த கிராமத்தில் ஒருவர் குழி வெட்டி வைத்திருக்கின்றாராம்.

"மூடியை இறுக்காதே பிள்ளை, மீனுக்குக் காத்து வேணும்" என்று படலைவரை வந்து சொன்னார்.