கொப்பியில் இல்லாத வரி

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வழங்கும் பழமொழி. பெரும்பாலும் ஒருவனுடைய குறையைச் சொல்லி அவனைக் கைவிடும்போதே இதனை எடுத்தாளுகின்றோம். இளமையிற் படிந்தது பின்னர் மாறவே மாறாது என்று முடிவுகட்டிவிட்டால் பள்ளிக்கூடமும் வேண்டியதில்லை, ஆசிரியனும் வேண்டியதில்லை. 37 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் நான். பழக்கம் வலியது என்பதை ஒப்புக்கொள்வேன். அது மாற்ற முடியாதது என்பதை ஒப்புக்கொள்ளேன். ஆனால், தன்னை மாற்ற முயல்பவன் எந்த இடத்தில் இடறி விழுவான் என்பதை நூல்களிலிருந்து நான் அறியவில்லை. என் சொந்தத் தவறொன்றிலிருந்தே அறிந்தேன்.

ஆளுமை என்ற சொல்லைத் தோற்றப் பொலிவு, பேச்சுவன்மை, சபையிற் பிறரைக் கவரும் ஆற்றல் என்னும் பொருளிலே பலர் வழங்குகின்றனர். அச்சொல்லின் வேரோ 'ஆள்' என்பது. ஆளுதல் முதலிற் செல்லவேண்டிய நாடு தன் உள்ளமே. விடியற்காலையில் எழவேண்டும் என்று இரவில் முடிவு செய்தவன், விடிந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வானாயின் அவன் நாட்டில் அரசன் இல்லை. எனவே, அன்றாடம் செய்யும் சிறு செயல்களை ஓர் ஒழுங்கிற்குள் கொண்டுவருதலே ஆளுமையின் தொடக்கம் என்று இளமையிலே நம்பினேன்.

இந்த நம்பிக்கைக்கு உருவம் கொடுத்தது பெஞ்சமின் பிராங்க்ளினுடைய சுயசரிதை. 1706 இல் பொஸ்டன் நகரிலே மெழுகுதிரி செய்பவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, 17 வயதிற் கையில் அதிகம் பணமின்றிப் பிலடெல்பியாவை அடைந்து, அச்சுத் தொழிலால் உயர்ந்து, அறிவியலாளராகவும் அமெரிக்க நாட்டை அமைத்தவர்களுள் ஒருவராகவும் விளங்கியவர் அவர். தம் குணத்தைத் தாமே திருத்திக்கொள்ள அவர் வகுத்த முறை வியப்புக்குரியது. உணவடக்கம், மௌனம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, நேர்மை, நீதி என்றவாறு 13 நற்குணங்களைத் தெரிந்தெடுத்தார். சிறு குறிப்புப் புத்தகம் ஒன்றில் ஒரு குணத்துக்கு ஒரு பக்கமாக ஒதுக்கி, சிவப்பு மையால் வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு பத்திகளும், குணங்களுக்கு 13 வரிகளும் கீறினார். ஒவ்வோர் இரவும் அன்றைய நாளை எண்ணிப் பார்த்து, எந்தக் குணத்தில் வழுவினாரோ அந்தக் கட்டத்திற் கரும்புள்ளி இட்டார். எல்லாவற்றையும் ஒரே முறையிற் பிடிக்க முயலாமல், வாரத்துக்கு ஒரு குணத்தின்மீது கருத்தை நிறுத்தினார். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டொன்றுக்கு நான்கு சுற்றுகள். புள்ளிகளை அழித்தழித்துக் கடதாசி ஓட்டையாகிவிடவே, ஈரப் பஞ்சினால் துடைக்கக்கூடிய தந்த ஏடுகளுக்கு அக்கணக்கை மாற்றினார் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மதிப்பும் பெருகிற்று.

அது 1973 ஆம் ஆண்டு. ஆசிரியனாகி ஓராண்டே ஆகியிருந்தது. ஓர் 80 பக்கக் கொப்பியை வாங்கி நானும் கோடு கீறினேன். நாலரை மணிக்கு எழுதல், நடத்தல், ஒரு மணிநேர வாசிப்பு, சுருட்டை விடுதல், வரவுசெலவு எழுதல், மணியடிக்குமுன் பாடசாலையில் நிற்றல், மாணவர் கொப்பிகளை அன்றன்றே திருத்துதல் என்று ஏழு வரிகள். முதல் மாதத்திற் பக்கம் முழுவதும் கரும்புள்ளிகள். ஆறாம் மாதத்திலோ வாரத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. என் நடை நிமிர்ந்தது. குரலில் ஓர் உறுதி ஏறிற்று. என்னை நானே ஆளுகின்றேன் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தோடு கூடவே, பிறருடைய சோம்பலைக் கண்டு பொறுக்கமாட்டாத ஒரு கடுமையும் என்னுள் நுழைந்ததை நான் அறியவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் நாள்தோறும் முதற்பாடம் பாதி கழிந்த பின்னரே வருவான். ஒருநாள் அவனை வகுப்பின் முன்னே நிறுத்தி, "நான் நாலரைக்கு எழும்புகிறேன், உனக்கு என்ன கேடு?" என்று தொடங்கி, இங்கே எழுதக் கூசும் சில சொற்களையும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலைகுனிந்து நின்றான். மறுநாள் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. அன்றிரவும் என் கொப்பியில் ஒரு கரும்புள்ளிகூட விழவில்லை.

இரண்டு வாரங்கள் சென்றபின் அவன் வீட்டைத் தேடிப் போனேன். வெங்காயத் தோட்டத்தின் ஓரமாக இருந்த சிறு வீடு அது. தகப்பனார் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "விடியப்புறம் மூன்றரைக்கு எழும்பி என்னோடை இறைப்புக்குத் தண்ணி கட்டுறவன், மாஸ்டர். அதுதான் பிந்திறது. இனி வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டான்" என்றார். குரலிற் கோபமே இல்லை. அதனால் எனக்கு இன்னும் வலித்தது. நான் எழுவதற்கு ஒரு மணிநேரம் முன்னரே எழுந்து உழைத்த பிள்ளையைத்தான் சோம்பேறி என்று ஏசியிருந்தேன். எவ்வளவோ கேட்டும் அவன் பாடசாலைக்குத் திரும்பவில்லை.

மனம் பொறுக்காமல் தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொப்பியையும் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். பின்பு, "தம்பி, நல்ல கணக்குத்தான். ஆனால் ஏழு வரியும் உமக்காகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு வரியும் இல்லையே?" என்றார்.

அன்றிரவு பிராங்க்ளினை மீண்டும் எடுத்துப் படித்தேன். முன்னர் விரைந்து கடந்து சென்ற ஒரு செய்தி கண்ணில் நின்றது. அவர் முதலில் வகுத்த குணங்கள் பன்னிரண்டே. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், அவர் செருக்குடையவர் என்று பிறர் கருதுவதை எடுத்துக்காட்டிய பின்னரே பதின்மூன்றாவதாகப் பணிவைச் சேர்த்துக்கொண்டார். தம்மை அத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தவருக்கும் தம் செருக்கு தெரியவில்லை. பிற்காலத்தில் வேறு நூல்களைப் படித்தபோது இன்னொன்றையும் அறிந்தேன். நீதி என்பதை எட்டாம் வரியாக எழுதியிருந்த அம்மனிதர், பல ஆண்டுகள் தம் வீட்டில் அடிமைகளை வைத்திருந்தார். அவருடைய பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும் வெளிவந்தன. 1787 இற் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790 இல், தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அடிமைமுறைக்கு எதிரான மனுவிற் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். திருந்தினார் என்பது உண்மை. நெடுங்காலம் சென்றது என்பதும் உண்மை. கணக்குப் புத்தகம் நாம் எழுதிய வரியையே காட்டும். எழுதாத வரியில் எத்தனை புள்ளி விழுந்தாலும் அது பேசாது.

எட்டாவது வரியை எழுதினேன். 'கோபங்கொள்ளாமை' என்று எழுதிப் பயனில்லை என்பது சில நாள்களிலே விளங்கிற்று. கோபம் வருமுன் அறிவிப்பதில்லை. ஆகையால், குணத்தின் பெயரை விட்டு ஒரு செயலை எழுதினேன்: பிந்தி வரும் பிள்ளையைக் கண்டால் வேறெதுவும் பேசுமுன் "சாப்பிட்டியா?" என்று கேட்பது. அவ்வளவே. தொடக்கத்தில் அக்கேள்வி என் வாயிற் செயற்கையாக ஒலித்தது. சில நாள் மறந்தும் போயிற்று. ஏறக்குறைய ஒரு தவணை கழிந்தபின், நினையாமலே நாவில் வந்தது. கேள்வியைக் கேட்டு விடையைச் செவிமடுத்தபின் ஏசுவதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சவில்லை.

என் அனுபவத்துக்கு ஒத்த ஆராய்ச்சி ஒன்று 2010 இல் வெளியாயிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைக் கொண்டு அதனை நடத்தினர். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தெரிந்து, காலை உணவுக்குப் பின் என்பதுபோல நாள்தோறும் நிகழும் ஒன்றோடு அதனைப் பிணைத்து, 12 வாரங்கள் செய்துவந்தனர். அச்செயல் தானாக நிகழும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள்கள் சென்றன. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபடும் என்று கணித்தனர். 21 நாளிற் பழக்கம் படிந்துவிடும் என்று மேடைகளிற் சொல்லப்படுவது அவ்வளவு உறுதியானதன்று. இடையில் ஒருநாள் தவறியதனாற் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவு கெட்டுவிடவில்லை என்பதே மாணவர்கள் நெஞ்சிற் பதிக்கவேண்டிய செய்தி. ஒருநாள் தவறியதும் "எல்லாம் போயிற்று" என்று கைவிடுகின்றோமே, அந்தக் கைவிடுதலே பழக்கத்தைக் கொல்கின்றது.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்களோடு மக்களாக நானும் வீட்டைவிட்டு நடந்தேன். 22 ஆண்டுக் கொப்பிகளும் வீட்டிலே கிடந்தன. பின்னர் அவை கிடைக்கவில்லை. எழும் நேரமும் வாசிப்பும் பல மாதம் குலைந்து போயின. தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் வகுப்பு நடத்தத் தொடங்கிய நாளில், ஒரு சிறுமி பிந்தி வந்து தயங்கி நின்றாள். கொப்பி இல்லை, கோடும் இல்லை. ஆயினும் "சாப்பிட்டியா, பிள்ளை?" என்று என் வாய் தானே கேட்டது. அவள் இல்லை என்று தலையசைத்தாள். வகுப்பில் எத்தனை பேர் அதே நிலையில் இருந்தனர் என்பது அதன் பின்பே தெரிந்தது. அன்று முதல், பாடத்துக்கு முன் கஞ்சிக்கு வழி தேடுவது ஆசிரியர்களாகிய எங்கள் வேலையாயிற்று.

இளைஞர்களே, கோடு கீறுங்கள், நேரத்தைக் குறியுங்கள், சிறிதாகத் தொடங்குங்கள், தவறிய நாளுக்கு அடுத்த நாள் மீண்டும் எழுந்து செய்யுங்கள். ஒழுங்கு மனிதனுக்கு வலிமை தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வலிமை யார் தலையில் விழுகின்றது என்பதை உங்கள் கொப்பி சொல்லாது. உங்களை நேசிக்கும் ஒருவரிடம் அதனைக் கொடுத்து, விடுபட்ட வரி எது என்று கேளுங்கள். அவர் சொல்வது கசக்குமாயின், பெரும்பாலும் நீங்கள் எழுதவேண்டிய வரி அதுவே.

ஏழாம் வகுப்போடு நின்றுபோன அந்தப் பையனுக்கு நான் இட்ட கரும்புள்ளியை எந்த ஈரப் பஞ்சினாலும் துடைக்க முடியவில்லை. துடைக்க முடியாததனாலேதான் எட்டாவது வரி இன்றும் நிலைத்திருக்கின்றது.