கரையோரக் கிணற்றுக்கு ஒரு சட்டம்

பொம்மையார்பாளையம், மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் நிலத்தடியில் நன்னீர் மேலே மிதக்கிறது. அதன் அடியில் உப்புநீர் காத்திருக்கிறது. நிலநீர் வல்லுநர்களின் எளிய கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்பை அண்டவிடாது. மேலே ஒரு முழம் இறங்கினாலோ, கீழிருந்து உப்பு நாற்பது முழம் ஏறிவிடும்! கடல்மட்டமும் உயர்ந்துவரும் இந்தக் காலத்தில், ஆழ்துளைக் கிணறுகள் எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டாயம் தேவை. தமிழகம் 2003இல் அதற்கென நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கே வராமல் 2013இல் அது நீக்கப்பட்டது வருத்தத்துக்குரியது. சென்னைக்கும் அதன் சுற்றுப்புற ஊர்களுக்கும் 1987ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. மரக்காணம் கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும்.