ஓய்வூதியத்தோடு வெளியேறும் அறிவு

ஒரு நிறுவனத்தின் சொத்துகள் எவை என்று வினவினால், காணி, கட்டடம், வாகனம், இயந்திரம், வங்கி மீதி என்றே எவரும் விடை பகர்வர். ஐந்தொகையில் இடம்பெறுவனவும் இவையே. ஆனால், அந்நிறுவனத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஊழியர்களிடம் திரண்டிருக்கும் அறிவுக்கு எந்த ஐந்தொகையிலும் இடமில்லை. கணக்கில் வராத காரணத்தினாலேயே அது தொலைந்து போகும்போதும் எவரும் கவனிப்பதில்லை. ஒரு கதிரை காணாமற் போனால் விசாரணை நடைபெறுகிறது. ஓர் அனுபவம் மிக்க உத்தியோகத்தர் ஓய்வுபெற்றுச் செல்லும்போதோ பிரியாவிடை வைபவம் மட்டுமே நடைபெறுகிறது.

நமது நாட்டில் இவ்விடயம் அண்மைக் காலத்தில் கூர்மையான பிரச்சினையாக மாறியுள்ளது. 65 ஆக உயர்த்தப்பட்டிருந்த அரச ஊழியரின் ஓய்வு வயதெல்லை 2022 ஆம் ஆண்டு மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. இதன் விளைவாக, அவ்வாண்டு டிசம்பர் 31 ஆம் திகதியுடன் பல ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர்கள் ஒரே வேளையில் சேவையிலிருந்து விலகினர். பொருளாதார நெருக்கடி காரணமாக வைத்தியர்கள், பொறியியலாளர்கள், தகவல் தொழில்நுட்பவியலாளர்கள் எனப் பலர் நாட்டை விட்டு வெளியேறியதும் அதே காலப்பகுதியிலேயே ஆகும். இவர்கள் விட்டுச் சென்ற கதிரைகளைப் புதியவர்களைக் கொண்டு நிரப்பலாம். அவர்கள் கொண்டுசென்ற அறிவை எதைக்கொண்டு நிரப்புவது என்பதே கேள்வி. இக்கேள்விக்கு விடை காண முயலும் துறையே அறிவு முகாமைத்துவம் என அழைக்கப்படுகின்றது.

இருவகை அறிவு

ஹங்கேரியில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த அறிஞர் மைக்கல் பொலான்யி, மனிதனால் சொல்லக்கூடியதை விட அவன் அறிந்திருப்பது அதிகம் என்ற கருத்தை 1960 களில் விளக்கினார். எழுதி வைக்கக்கூடிய அறிவு ஒரு வகை. சட்டங்கள், சுற்றறிக்கைகள், கைநூல்கள், கோவைகள் என்பன இதில் அடங்கும். இதனை வெளிப்படை அறிவு எனலாம். கையிலும் கண்ணிலும் பழக்கத்திலும் படிந்திருக்கும் அறிவு மற்றொரு வகை. இதனை உள்ளுறை அறிவு எனலாம்.

ஒரு குளத்தின் நீர்மட்டம் இத்தனை அடியை அடைந்தால் வான்கதவைத் திறக்க வேண்டும் என்பது கைநூலில் உள்ள அறிவு. மேற்கே பெய்யும் மழை எத்தனை மணித்தியாலத்தில் குளத்தை வந்தடையும், எந்தக் கதவு எந்த இடத்தில் இறுகும், நீரைத் திறந்தால் முதலில் எந்த வயல் மூழ்கும் என்பன அங்கு நீண்டகாலம் கடமையாற்றிய ஊழியரின் தலையில் மாத்திரம் உள்ள அறிவு. கச்சேரியின் ஆவண அறையில் எந்தப் பழைய காணிக் கோவை எந்த அடுக்கில், எந்தப் பெயரில் கிடக்கின்றது என்பதும் இத்தகையதே. அந்த ஊழியர் ஓய்வுபெற்ற மறுநாள் முதல், ஒரு ஏழைக் குடியானவன் தன் காணி உறுதியின் பிரதிக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியதாகின்றது. அறிவு இழப்பின் விலையை இறுதியில் செலுத்துபவர் பொதுமகனே.

உள்ளுறை அறிவை எவ்வாறு வெளிக்கொணர்வது என்பதற்கு ஜப்பானிய அறிஞர்களான இகுஜிரோ நொனாக்காவும் ஹிரோதக்கா தக்கேயுச்சியும் 1995 இல் வெளியிட்ட நூலில் காட்டிய உதாரணம் பிரசித்தமானது. மட்சுஷித்தா நிறுவனம் 1980 களின் நடுப்பகுதியில் வீட்டில் பாண் தயாரிக்கும் இயந்திரமொன்றை உருவாக்க முயன்றது. ஆனால், மேற்பகுதி கருகி உட்பகுதி வேகாத பாணே கிடைத்தது. மாவை ஊடுகதிர்ப் படம் பிடித்துப் பார்த்தும் பலனில்லை. இறுதியில், அந்நிறுவனத்தின் மென்பொருள் வடிவமைப்பாளரான பெண்மணி ஒருவர், ஒசாக்கா நகர ஹோட்டலொன்றின் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் தொழில் பழகச் சென்றார். மாவைப் பிசையும்போது அவர் அதனை இழுப்பதுடன் முறுக்கவும் செய்கிறார் என்பதை அங்கு கண்டறிந்தார். இதனை அந்தத் தொழிலாளி எவருக்கும் சொன்னதில்லை. அது சொல்லப்பட வேண்டிய விடயம் என்றே அவர் எண்ணியிருக்கவில்லை. அந்த முறுக்கலை இயந்திரத்தினுள் ஏற்படுத்தத் தக்க மாற்றங்கள் செய்யப்பட்ட பின்னரே இயந்திரம் வெற்றி பெற்றது. ஒருவர் அறிந்ததை மற்றவர் கற்க வேண்டுமாயின், அவர் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடமாகும்.

கணினி வாங்கினால் போதுமா?

அறிவு முகாமைத்துவம் என்றதும் கணினியும் மென்பொருளும் வாங்குவதே நம்மவருக்கு முதலில் தோன்றுகின்றது. கணினி அவசியமானதே. எனினும், அது பாத்திரமே தவிரப் பண்டமன்று. ஊழியர்கள் தாம் அறிந்ததை அதில் இடவில்லையாயின், எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் வெற்றுப் பாத்திரமாகவே இருக்கும். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பெரிதும் பேசப்படும் இக்காலத்திலும் இந்த உண்மை மாறவில்லை. எங்கும் பதியப்படாத அறிவை எந்த இயந்திரத்தினாலும் தேடித் தர இயலாது.

பிரதி எடுக்கும் இயந்திரங்களைத் தயாரிக்கும் செரொக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் இதனைத் தெளிவுபடுத்தும். அந்நிறுவனத்தின் திருத்துநர்கள் கைநூலில் இல்லாத பழுதுகளைச் சந்தித்தபோது, தேநீர் வேளைகளில் ஒருவருக்கொருவர் தமது அனுபவங்களைக் கதையாகச் சொல்லியே தீர்வு கண்டனர் என்பதை ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் அவர்களுடன் கூடவே சென்று அவதானித்தார். பின்னர் 1990 களில் அந்நிறுவனம் 'யுரேக்கா' எனும் தகவல் தொகுதியை ஏற்படுத்தியது. திருத்துநர் ஒருவர் தாம் கண்ட தீர்வை எழுதி அனுப்புவார். அதனை ஏனைய திருத்துநர்கள் பரிசோதித்து ஏற்றுக்கொண்டபின், எழுதியவரின் பெயருடன் அது எல்லோருக்கும் கிடைக்கும். சக தொழிலாளரின் மத்தியில் கிடைத்த அந்த மதிப்பே, அவர்கள் தொடர்ந்து எழுதுவதற்கு ஊக்கமளித்தது. தொழில்நுட்பம் அங்கு ஏற்கெனவே நிலவிய ஒரு நல்ல வழக்கத்தை விரிவுபடுத்தியது. இல்லாத வழக்கத்தை அது உருவாக்கவில்லை.

நமது அலுவலகங்களில் நிலைமை பெரும்பாலும் இதற்கு மாறானது. தான் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லிவிட்டால் தனது முக்கியத்துவம் குறைந்துவிடும் என்று அஞ்சும் உத்தியோகத்தர்கள் உள்ளனர். இதற்கு அவர்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. அறிவைப் பகிர்ந்தவருக்குப் பதவியுயர்விலோ பாராட்டிலோ எவ்வித இடமும் வழங்காத ஒழுங்குமுறையில், அறிவை மறைத்து வைத்திருப்பதே புத்திசாலித்தனமாகத் தென்படும்.

ஒற்றைப் பிரதியின் ஆபத்து

எழுதி வைக்கப்பட்ட அறிவும் பாதுகாக்கப்பட வேண்டும். 2023 ஓகஸ்ட் 26 ஆம் திகதி அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதி மீது கப்பம் கோரும் தீங்கு மென்பொருள் கொண்டு தாக்குதல் நடத்தப்பட்டது. சுமார் 5000 அரச மின்னஞ்சல் கணக்குகள் இதனால் பாதிப்புற்றன. அவ்வாண்டு மே 17 ஆம் திகதி முதல் தாக்குதல் நிகழ்ந்த தினம் வரையான தரவுகளை மீட்க முடியாமற் போனது. அக்காலப்பகுதிக்குரிய பயன்படத்தக்க காப்புப் பிரதி இல்லாமையே இதற்குக் காரணமாகும். பழைய மென்பொருள் இற்றைப்படுத்தப்படாமல் இருந்தமையும் அப்போது சுட்டிக்காட்டப்பட்டது.

ஒரே இடத்தில், ஒரே பிரதியாக அறிவை வைத்திருப்பதன் பயங்கரத்தைத் தமிழ் மக்களுக்கு எடுத்துக்கூறத் தேவையில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. அந்த இழப்பை ஈடுசெய்ய எந்த நிதியாலும் முடியவில்லை. மூன்று பிரதிகள், இரு வேறு ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது இன்று தகவல் தொழில்நுட்பவியலாளர் கடைப்பிடிக்கும் எளிய விதியாகும். ஒரு சிறு பாடசாலையோ கூட்டுறவுச் சங்கமோ கூட இதனைச் செலவின்றிப் பின்பற்றலாம்.

அரச நிறுவனங்களைப் பொறுத்தவரை இது விருப்பத்துக்குரிய விடயமன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆவணங்களை முறையாக வகைப்படுத்தி அட்டவணைப்படுத்திப் பேணுமாறு ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையையும் பணிக்கின்றது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உருவாகும் ஆவணங்கள் குறைந்தது 12 ஆண்டுகளுக்குப் பேணப்படல் வேண்டும். தகவல் கோரும் பிரசைக்கு 'கோவை கிடைக்கவில்லை' எனப் பதிலளிப்பது, தனது கடமையை நிறைவேற்றவில்லை என அந்நிறுவனமே அளிக்கும் வாக்குமூலமாகும்.

பயிற்சி எனும் சடங்கு

அறிவைக் கையளிக்கும் பிரதான வழி பயிற்சியாகும். ஆனால், நமது பயிற்சிப் பட்டறைகள் பல மங்கல விளக்கேற்றலுடன் ஆரம்பித்து, சான்றிதழ் வழங்கலுடன் முடிவடைந்து விடுகின்றன. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959 இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை முன்வைத்தார். பங்குபற்றியோர் திருப்தியடைந்தனரா என்பது முதற்படி. அவர்கள் எதையேனும் கற்றனரா என்பது இரண்டாம் படி. திரும்பிச் சென்றபின் அவர்களது வேலைமுறை மாறியதா என்பது மூன்றாம் படி. அதனால் நிறுவனம் பயனடைந்ததா என்பது நான்காம் படி. நாம் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றோம். பட்டறை முடிவில் நிரப்பப்படும் வினாத்தாளில் மதிய உணவு பற்றிய கருத்துக் கூடக் கேட்கப்படுகிறது. ஆறு மாதங்களின் பின் அந்த உத்தியோகத்தரின் மேசையில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்பதை எவரும் கேட்பதில்லை.

எனினும், பயிற்சியும் தொழில்நுட்பமும் முறையாக இணைந்தால் நம்மால் எதைச் சாதிக்க முடியும் என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணமுண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகம், வைத்தியர்களுக்கெனச் சுகாதாரத் தகவலியலில் முதுமாணிப் பட்டநெறியொன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஆரம்பித்தது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த திறந்த மூல மென்பொருளான டிஎச்ஐஎஸ்2 இல் வைத்தியர் பலர் தேர்ச்சி பெற்றனர். 2020 ஜனவரி இறுதியில் கொரோனா நோயாளி ஒருவர் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வேளையில், வெளிநாடுகளிலிருந்து வருவோரைப் பதிவு செய்து கண்காணிக்கும் தொகுதியொன்றை இவர்கள் குறுகிய காலத்தில் உருவாக்கினர். பின்னர் வேறு பல நாடுகளும் அதனை முன்மாதிரியாகக் கொண்டு தமக்குரிய தொகுதிகளை அமைத்துக்கொண்டன. இந்த வெற்றி அந்த ஒரு வாரத்தில் பிறந்ததன்று. நெருக்கடி வருமுன்னரே பயிற்றப்பட்ட மனிதர்கள் இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. அவர்கள் நோயையும் அறிந்திருந்தனர், கணினியையும் அறிந்திருந்தனர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

செய்யக்கூடியவை

இத்துறையில் பெருந்தொகைப் பணமின்றியே செய்யக்கூடியவை பல உள்ளன. முதலாவதாக, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஓய்வுபெறவுள்ளோரின் பட்டியலை ஒவ்வொரு திணைக்களமும் தயாரித்து, அவர்களுள் எவர் வசம் வேறு எவரிடமும் இல்லாத அறிவு உள்ளதென்பதை இனங்காண வேண்டும். இரண்டாவதாக, அத்தகையோரின் அருகில் அவருக்குப் பின் வருபவரை இரண்டு மூன்று மாதங்களேனும் அமர்த்த வேண்டும். ஓய்வுபெற்றபின் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் அவலத்தை இது தவிர்க்கும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு முக்கிய பணியின் முடிவிலும் நான்கு கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம். எதனைச் செய்ய எண்ணினோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் அவ்வாறு நடந்தது, அடுத்த முறை எதனை மாற்றுவோம் என்பனவே அவை. அமெரிக்க இராணுவம் பல தசாப்தங்களாகக் கைக்கொண்டுவரும் இம்முறை, வெள்ள நிவாரணம் வழங்கும் பிரதேச செயலகத்துக்கும் பொருந்தும். ஆனால், விடைகள் எவரையும் தண்டிப்பதற்குப் பயன்படுத்தப்படலாகாது. அச்சம் உள்ள இடத்தில் உண்மை எழுதப்படாது.

நான்காவதாக, கைநூல்களும் மென்பொருள்களும் ஊழியர் எந்த மொழியில் கடமையாற்றுகிறாரோ அந்த மொழியில் இருத்தல் வேண்டும். சுற்றறிக்கையை விளங்கிக்கொள்ள மற்றொருவரின் மொழிபெயர்ப்பை எதிர்பார்த்திருக்கும் உத்தியோகத்தரிடம் அறிவு காலந்தாழ்த்தியே சென்றடைகின்றது. அவரிடம் சேவை பெறும் மக்களுக்கோ அது அதனினும் தாமதமாகவே கிடைக்கின்றது.

கட்டடம் இடிந்தால் கடன் பெற்று மீளக் கட்டலாம். முப்பது ஆண்டு அனுபவத்தைக் கடனாகத் தர எந்த வங்கியும் இல்லை. அரச துறையின் ஆளணியைக் குறைப்பது பற்றியும் சேவைகளைக் கணினிமயமாக்குவது பற்றியும் விவாதிப்போர், வெளியேறுவோரின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது போன்றே, அவர்களுடன் வெளியேறும் அறிவையும் கணக்கிட முன்வருதல் வேண்டும். அவர்கள் சேவையில் இருக்கும்போதே அந்த அறிவைக் கேட்டுப் பெறுவது சம்பந்தப்பட்ட நிறுவனத் தலைவர்களின் பொறுப்பாகும்.