தண்டவாளத்துக்கு லேசர் கவசம்

ரயில் சக்கரமும் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர்தான். சரக்கு வண்டியின் ஓர் அச்சு தாங்கும் 20 டன்னுக்கும் மேலான எடை, இப்படிப்பட்ட இரண்டே இடங்கள் வழியாகத் தண்டவாளத்தில் இறங்குகிறது. சக்கரங்கள் ஓயாமல் உருண்டு அழுத்துவதால் மேற்பரப்பு தேய்கிறது. வளைவுகளில், தண்டவாளத் தலையின் உள்விளிம்பில் மயிரிழை விரிசல்கள் தோன்றுகின்றன. அவற்றைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் நடந்த விபத்து காட்டியது. விரிசல் கண்ட தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. நான்கு பேர் உயிரிழந்தனர்.

கோளாறு தொடங்குவது மேற்பரப்பில் என்பதால், அந்த மேற்பரப்பை மட்டும் உறுதியான வேறு உலோகத்தால் அமைப்பதே லேசர் பூச்சின் நோக்கம். லேசர் கற்றை தண்டவாளத்தின் மேல்பகுதியை மெல்லிதாக உருக்குகிறது. உருகிய அந்தச் சிறு குட்டையில் உலோகத் தூள், ஆர்கான் போன்ற மந்த வாயுவுடன் குழல்முனை வழியாகப் பாய்ச்சப்படுகிறது. கற்றை நகர்ந்ததும் குட்டை உறைந்து ஒரு வரியாகிறது. வரிகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி அடுக்கினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள படலம் கிடைக்கும். வண்ணப்பூச்சு போல வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்காமல், இது அடி எஃகோடு உருகிக் கலந்து இணைகிறது. துருப்பிடிக்காத எஃகின் கடினமான மார்ட்டென்சைட் வகையும், கோபால்ட்-குரோமியக் கலவையான ஸ்டெல்லைட்டும் இதற்காகச் சோதிக்கப்பட்டவற்றுள் முக்கியமானவை.

கடினமான உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. உண்மையான சவால் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. தண்டவாள எஃகில் கார்பன் அதிகம். ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் ஆர்260 வகையில் அது சுமார் 0.7 சதவீதம். லேசரால் நொடியில் சூடேறும் பகுதியின் வெப்பத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த எஃகு வேகமாக உறிஞ்சிவிடுகிறது. அவ்வாறு சட்டென்று குளிரும் எஃகில் கடினமும் நொறுங்கும் தன்மையும் கொண்ட மார்ட்டென்சைட் உருவாகிறது. பூச்சுக்குப் பயன்படும் குறைந்த கார்பன் மார்ட்டென்சைட்டில் இந்த நொறுங்கும் ஆபத்து குறைவு; கார்பன் மிகுந்த மார்ட்டென்சைட்டோ புதிய விரிசலுக்கு விதையாகலாம். அதனால் தண்டவாளத்தை முன்கூட்டியே சில நூறு டிகிரி சூடாக்கி, வேலை முடிந்ததும் மெல்லக் குளிரவிட வேண்டியிருக்கிறது. பட்டறையில் இது எளிது. இரண்டு ரயில்களுக்கு நடுவே கிடைக்கும் சிறு இடைவேளையில், திறந்தவெளியில் செய்வது மிகக் கடினம். இந்தச் சூட்டைக் கட்டுப்படுத்தாத எந்தப் பூச்சையும் பாதுகாப்பானது என்று ஏற்க முடியாது.

செலவையும் பார்க்கும்போது, பாதை முழுவதையும் பூசுவதைவிடத் தேய்மானம் அதிகமுள்ள இடங்களைத் தேர்ந்து பூசுவதே அறிவார்ந்தது. கூர்மையான வளைவுகளும், பாதைகள் குறுக்கிடும் கிராசிங்குகளும் அத்தகையவை. சிக்னலுக்கான மின்சுற்றைப் பிரிக்க, தண்டவாளத் துண்டுகளுக்கு இடையே மின்காப்புப் பொருள் வைத்த இணைப்புகள் இன்னும் பொருத்தமானவை. அங்கே சக்கரங்களின் அழுத்தத்தால் எஃகு பிதுங்கி இடைவெளியைக் கடந்துவிட்டால் மின்காப்பு முறியும். பாதை காலியாக இருந்தும் சிக்னல் சிவப்பாகி ரயில்கள் நிற்கும். ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இணைப்புகளின் முனைகளில் லேசர் பூச்சிட்டுச் சோதித்தபோது, எஃகு பிதுங்குவது குறைந்தது.