வாங்கிய பொருளும் உடைமை உரிமையும்: இன்றைய வீடியோ விளையாட்டுப் பொறிகள்

விளையாட்டைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு எனக் கருதி ஒதுக்கிவிடுவது பெரியோர் இயல்பு. ஆயினும், தொலைக்காட்சியுடன் இணைத்தும் கையில் ஏந்தியும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுப் பொறிகள் இன்று கணிப்பொறி அறிவியல், கலை, வணிகம், சட்டம் ஆகிய நான்கும் கூடும் களமாக விளங்குகின்றன. அவை இயங்கும் முறையையும், அவற்றின்வழி எழுந்துள்ள உடைமை பற்றிய வினாவையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடத்தக்க முதல் பொறி, ரால்ப் பேர் என்னும் பொறியாளரின் முயற்சியால் உருவான மேக்னவாக்ஸ் ஒடிஸி ஆகும். அது 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜப்பானில் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தொடங்கப்பெற்ற நின்டென்டோ, 1983இல் ஃபேமிகாம் என்னும் வீட்டுப் பொறியையும், 1989இல் கேம்பாய் என்னும் கையடக்கப் பொறியையும் வெளியிட்டது. சோனி நிறுவனம் 1994இல் பிளேஸ்டேஷனையும், மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001இல் எக்ஸ்பாக்ஸையும் கொணர்ந்தன. இத்துறையில் முன்னிற்பவை இம்மூன்று நிறுவனங்களே.

இன்றைய தலைமுறை

2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் என்னும் இரு பொறிகளும், அதே திங்களில் பிளேஸ்டேஷன் 5உம் வெளிவந்தன. நின்டென்டோவோ வேறு வழியில் நடந்தது. 2017 மார்ச்சில் அது வெளியிட்ட சுவிட்ச், தாங்கியில் வைத்தால் வீட்டுப் பொறியாகவும், கையில் எடுத்தால் கையடக்கப் பொறியாகவும் பயன்படுவது. உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்பனையானது. அதன் வழித்தோன்றலாகிய சுவிட்ச் 2, 2025 ஜூன் 5ஆம் நாள் வெளிவந்தது. கணிப்பொறி விளையாட்டுகளையே கையடக்க வடிவில் ஆடத்தரும் ஸ்டீம் டெக் என்னும் பொறியை வால்வ் நிறுவனம் 2022இல் வெளியிட்டது.

இயங்கும் முறை

திரைப்படத்தின் காட்சிகள் முன்னரே பதிவு செய்யப்பட்டவை. விளையாட்டின் காட்சியோ ஆடுவோரின் ஒவ்வோர் அசைவுக்கும் ஏற்ப அப்போதைக்கப்போது கணக்கிட்டு வரையப்படுவது. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமெனில், ஒரு படத்தை வரைவதற்குக் கிடைக்கும் காலம் நொடியின் 60இல் ஒரு பங்கே. 4கே எனப்படும் நுண்திரையில் கிடைமட்டமாக 3,840 புள்ளிகளும் நெடுக்காக 2,160 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறமும் ஒளியும் அக்குறுகிய காலத்திற்குள் முடிவாக வேண்டும். இப்பணியைச் செய்வது வரைகலைச் செயலி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் செயலி நொடிக்கு 12 இலட்சம் கோடிக் கணக்கீடுகளைச் செய்யவல்லது. பிளேஸ்டேஷன் 5இன் செயலி 10 இலட்சம் கோடிக்கும் சற்றே மிகுதியாகச் செய்யவல்லது.

எனினும், இத்தலைமுறையில் நேர்ந்த பெருமாற்றம் சேமிப்பகத்திலேயே உள்ளது. முந்தைய பொறிகளில் சுழலும் வன்தட்டு இருந்தது. வேண்டிய தரவு தட்டின் எப்பகுதியில் உள்ளதோ அப்பகுதிக்கு அதன் படிப்புமுனை நகர வேண்டும். அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காக ஒரே மரத்தின் படத்தையும் ஒரே சுவரின் படத்தையும் தட்டில் பல இடங்களில் படியெடுத்து வைத்தனர். தரவு வந்து சேரும்வரை ஆடுவோரை நீண்ட இடைவழிகளிலும் மின்தூக்கிகளிலும் நிறுத்தி வைத்தனர். பிளேஸ்டேஷன் 5இல் உள்ள 825 ஜிகாபைட் திடநிலைச் சேமிப்பகத்தில் நகரும் உறுப்பு எதுவும் இல்லை. நொடிக்கு 5.5 ஜிகாபைட் அளவு தரவை அதிலிருந்து படிக்க இயலும். ஆகவே படியெடுத்து வைத்தலும் காத்திருத்தலும் பெரிதும் குறைந்தன.

கையடக்கப் பொறிக்கு வேறு இரு தளைகள் உண்டு: ஒன்று மின்கலத்தின் அளவு; மற்றொன்று வெப்பம். ஆதலின் சுவிட்ச் 2இன் 7.9 அங்குலத் திரை 4கேயில் உள்ள புள்ளிகளில் நான்கில் ஒரு பங்கையே கொண்டுள்ளது. தாங்கியில் வைத்து மின்சாரம் பெறும்போதுதான் செயலி விரைந்து இயங்கித் தொலைக்காட்சிக்குப் பெரிய படத்தை அனுப்புகிறது. சிறிய படத்தை வரைந்து, செயற்கை நுண்ணறிவின் துணையால் அதனைப் பெரிதாக்கிச் செப்பனிடும் முறையும் இதில் கையாளப்படுகிறது.

உடைமை யாருக்கு?

ஒரு நூலை விலை கொடுத்து வாங்கியவர் அதனைப் படிக்கலாம்; நண்பருக்கு இரவல் தரலாம்; நூலகத்திற்கு வழங்கலாம்; மக்களுக்கு விட்டுச் செல்லலாம். குறுந்தட்டிலும் அட்டையிலும் வந்த விளையாட்டுகளும் பெரும்பாலும் அத்தகையனவாகவே இருந்தன. இன்று நிலைமை மாறி வருகிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் தட்டு செலுத்தும் வாயிலே இல்லை. 2024இல் 700 டாலர் விலையில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் அது இல்லை. வேண்டுவோர் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். சுவிட்ச் 2இன் அட்டைகளுள் ஒருவகையில் விளையாட்டே இராது. அதனை இணையத்திலிருந்து பெறுவதற்குரிய திறவுகோல் மட்டுமே இருக்கும்.

இதன் விளைவு யாது? நின்டென்டோவின் வீ யூ, 3டிஎஸ் ஆகிய பொறிகளுக்கான இணையக் கடைகளில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது. எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. அக்கடைகளில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளைப் புதிதாக வாங்க இனி வழியில்லை. 2014இல் வெளிவந்த தி க்ரூ என்னும் கார்ப்பந்தய விளையாட்டின் நிலை இன்னும் துயரமானது. அதனை வெளியிட்ட யூபிசாப்ட் நிறுவனம் 2024 மார்ச் இறுதியில் தன் சேவையகங்களை நிறுத்தியது. அன்று முதல், தட்டைக் கையில் வைத்திருந்தோரும் அதனை ஆட இயலாதவராயினர். பொருள் கையில் இருக்கிறது, பயன் இல்லை.

இதனை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் கோரிக்கைக்குக் கிட்டிய கையொப்பங்கள் 2025 ஜூலையில் 10 இலட்சத்தைக் கடந்தன. கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், விற்பவர் திரும்பப் பெறத்தக்க உரிமம் ஒன்றைத் தந்துவிட்டு, அதனைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்னும் சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது. ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தமை, மொழி பயில்வோராகிய நாம் ஊன்றிக் கருதத்தக்கது.

முடிவுரை

வணிகர் தரப்பிலும் நியாயம் உண்டு. சேவையகங்களை இயக்கச் செலவாகிறது. தட்டு செய்து அனுப்பும் செலவு இணைய விற்பனையில் இல்லை. ஆயினும் வாங்குவோர் அறிந்து வாங்க வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். எனவே, தம் பிள்ளைகளுக்கு இத்தகைய பொறியை வாங்கித் தர எண்ணும் பெற்றோர் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். தட்டோ அட்டையோ இடும் வசதி உண்டா? அதற்குள் விளையாட்டு முழுமையாக உள்ளதா? இணைய இணைப்பு இன்றியும் அதனை ஆட இயலுமா? இவற்றிற்கு விடை அறிந்தபின் கொடுக்கும் பணம், உடைமைக்கான விலையா, வாடகையா என்பது தானே விளங்கிவிடும்.