சவரம் செய்த முகம் எரிவது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமல்லபுரம் கடற்கரையில் நல்ல கூட்டம்.

சென்னையில் இருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அலை ஓரத்தில் நிற்கிறார். காலையில்தான் முகச்சவரம் செய்தார். கன்னம் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன.

திடீரென்று ஓர் அலை எழும்பி அவர் முகத்தில் அடிக்கிறது.

"ஐயோ!" என்று அலறுகிறார்.

"என்னங்க, கண்ணிலே தண்ணி பட்டுடுச்சா?" என்று பதறுகிறாள் மனைவி.

"கண்ணிலே இல்லே, கன்னத்திலே! மிளகாய்த்தூள் பூசினாப்போல எரியுது!"

மனைவி உற்றுப் பார்க்கிறாள். கன்னத்தில் கீறல் இல்லை. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. பிறகு ஏன் எரிகிறது?

கண்ணுக்குத் தெரியாத காயம்

நம் தோலின் மேல்பரப்பு ஓட்டு வீட்டுக் கூரை போன்றது. உயிர் போன மெல்லிய செதில்கள், ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இருக்கின்றன. அவற்றின் நடுவே ஒருவகை எண்ணெய்ப் பசை இருக்கிறது. வெளியே இருக்கும் உப்பும் தூசியும் கிருமியும் உள்ளே நுழையாமல் காப்பது இந்தக் கூரைதான்.

சவரக்கத்தி முடியை மட்டும் எடுப்பது இல்லை. கூரையில் இருந்து சில ஓடுகளையும் பெயர்த்துக்கொண்டு போகிறது! சோப்பு நுரை எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடுகிறது. அங்கங்கே கண்ணுக்குத் தெரியாத சிறு காயங்கள் உண்டாகின்றன.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஓடு பெயர்ந்த இடத்தில் அந்த உப்பு இறங்கினால் எரியாமல் என்ன செய்யும்?

சுற்றுலா வந்தவருக்கு இது ஒரு நாள் அவஸ்தை. கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், கோவளம் பக்கத்து மீனவர்களுக்கு அப்படி அல்ல. உப்புத் தண்ணீரும் வெயிலும் அவர்களுக்குத் தினமும் உண்டு.

மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பிகளுக்கு வேறு தொல்லை. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமையான விஷயம்தான். ஆனால் கல்லைச் செதுக்கும்போது பறக்கிற தூள், வியர்வையோடு சேர்ந்து, அன்று காலையில் சவரம் செய்த தாடையில் ஒட்டிக்கொள்கிறதே! அந்த எரிச்சல் பட்டவருக்குத்தான் தெரியும்.

படிகாரம் செய்யும் வேலை

செங்கல்பட்டானாலும் சரி, மதுராந்தகமானாலும் சரி, பழைய பழக்கம் மாறாத முடிதிருத்தும் கடைகளில் ஒரு பொருளைப் பார்க்கலாம். கற்கண்டுக் கட்டி போல வெள்ளையாக, வழவழப்பாக ஒரு கல். சவரம் முடிந்ததும் அதைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் ஒரு தேய்ப்பு தேய்ப்பார்கள். சுரீர் என்று இருக்கும். பிறகு தோல் இறுகினாற்போல இருக்கும்.

அதுதான் படிகாரம். சில ஊர்களில் சீனாக்காரம் என்பார்கள்.

வீட்டுப் பெண்களுக்கு இது புதியது அல்ல. மழைக்காலத்தில் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கக் குடத்தில் போட்டுக் கலக்குவார்களே, அதே பொருள்தான். தண்ணீரில் அழுக்கைத் திரட்டி அடியில் படிய வைக்கிறது. தோலில், சிறு காயத்தில் கசியும் ரத்தத்தைத் திரட்டி, வாயை அடைக்கிறது. இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே வேலை!

ஆனால் படிகாரம் குளிர்ச்சி தரும் மருந்து அல்ல. ரத்தக் கசிவை நிறுத்தும். தோலைச் சுருக்கும். கூடவே உலரவும் வைக்கும். அதனால் தடவி ஒரு நிமிஷம் கழிந்ததும் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால், எரிச்சலைத் தணிக்கப் போட்டதே எரிச்சலை உண்டாக்கும்.

அதே கல், அடுத்த கன்னம்!

இனித்தான் முக்கியமான விஷயம்.

ஒருவர் கன்னத்தில் தேய்த்த கல்லை என்ன செய்கிறார்கள்? கிண்ணத்தில் போட்டு வைக்கிறார்கள். அடுத்தவர் வந்து உட்காருகிறார். அதே கல் அவர் கன்னத்துக்குப் போகிறது. அவருக்கு அடுத்தவருக்கும் அதுதான்!

முதலில் வந்தவருக்கு ஒரு துளி ரத்தம் கசிந்து இருக்கலாம். அது கல்லில் ஒட்டும். அடுத்தவர் முகத்திலோ கூரை ஓடு பெயர்ந்து, கதவு திறந்து கிடக்கிறது.

மஞ்சள்காமாலை பலவகை. அவற்றில் ஒன்று, ஹெபடைடிஸ் பி என்ற கிருமியால் வருவது. இது ரத்தத்தின் மூலம் பரவும். ஈரலைக் கெடுக்கும். சிலருக்கு வருஷக்கணக்கில் உடம்பில் மறைந்து இருந்து, பிறகு ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் உண்டாக்கும். இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே வந்த பிறகும் குறைந்தது 7 நாட்கள் உயிரோடு இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. துடைத்த கல்லிலும், காய்ந்த பிளேடிலும்கூட இருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

"படிகாரமே கிருமியைக் கொல்லும் மருந்து ஆயிற்றே!" என்று சிலர் சொல்வார்கள். சில கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும் என்பது உண்மை. ரத்தத்தில் பரவும் நோய்க்கு அதை நம்பி இருக்க முடியாது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில், பலருக்கும் ஒரே படிகாரக் கட்டியைக் கடையில் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது. தூளாகவோ, கரைத்த நீராகவோதான் தடவ வேண்டும். நம் ஊர்க் கடைகளும் இதைச் செய்யலாம். பெரிய செலவு இல்லை. கல்லைப் பொடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, புதுப் பஞ்சில் நனைத்து ஒற்றி, பஞ்சை எறிந்துவிட்டால் போதும்.

பிளேடு விஷயத்தில் நம் ஊர் ஏற்கெனவே மாறிக் காட்டியது. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் 1986-ல் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி (இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது) அந்த நோயாளிகளுக்கு நாட்டிலேயே பெரிய புகலிடமாக விளங்கியது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதல் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று.

அந்த நோய் பற்றிய பயம் பரவிய பிறகுதான், தோலில் தீட்டித் தீட்டி எல்லோருக்கும் போட்ட பழைய கத்தி போய், பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் கத்தி எங்கும் வந்தது. சவரத்தால் எச்.ஐ.வி. பரவுவது மிக மிக அபூர்வம். இருந்தாலும் அந்தப் பயம் ஒரு நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தது. பிளேடு மாறியது, கல் மட்டும் பல கடைகளில் அப்படியே கிண்ணத்தில் கிடக்கிறது!

"அண்ணே, கல்லு வேண்டாம். தண்ணி போதும்" என்று சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியது இல்லை. தொழில் தெரிந்தவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருப்போரூர் மொட்டையும் சந்தனமும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே திருப்போரூர் கந்தசாமி கோவில். அங்கே மொட்டை போட்டுக்கொள்ளக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழும். முடி இறங்கும். குளிப்பாட்டியதும் தலை நிறையச் சந்தனம் அப்புவார்கள். சற்று நேரத்தில் அழுகை அடங்கிவிடும்.

சந்தனம் பக்திக்காக மட்டும் அல்ல. அரைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. அது மெல்ல ஆவியாகிறது. ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். புது மொட்டையில் நேராக வெயில் படாமல் மறைக்கவும் அந்தப் பூச்சு கொஞ்சம் உதவும்.

கல்லில் உரைத்த சந்தனமாக இருந்தால் நல்லது. நிறமும் சென்ட்டும் கலந்த மலிவுத்தூள், சில குழந்தைகளுக்குத் தடிப்பை உண்டாக்கும். நல்ல சந்தனமே ஆனாலும், காய்ந்து வெடித்த பிறகு தலையில் விட்டுவைக்கக் கூடாது. கழுவிவிட்டு, மெல்லிய துணியால் தலையை மூட வேண்டும்.

2021 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் அறநிலையத்துறைக் கோவில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. காசு மிச்சம்! ஆனால் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. குழந்தையின் தலையில் வைக்கும் பிளேடு, உறையில் இருந்து அப்போதுதான் பிரித்ததா என்று தாயார் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நம் வீடுகளில் சவரம் செய்துவிட்டுத்தான் குளிப்பது வழக்கம். டாக்டர்களோ, "குளித்துவிட்டுச் சவரம் செய்யுங்கள், முடி ஊறி மெதுவாகும்" என்கிறார்கள். பாட்டி இருக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா? அதற்கும் வழி உண்டு. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் இரண்டு, மூன்று நிமிஷம் வைத்து எடுத்தால் முடி ஊறிவிடும். பிறகு சவரம், பிறகு குளியல். டாக்டர் பேச்சும் நிற்கும், பாட்டி பேச்சும் நிற்கும்.

கத்தியை முடி வளரும் பக்கமாக இழுக்க வேண்டும். கழுத்தில் முடி ஒரே பக்கமாக வளராது. விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். எதிர்ப்பக்கமாக இழுத்தால் முகம் வழவழப்பாகத்தான் இருக்கும். எரிச்சலும் அங்கேதான் தொடங்கும்.

பழைய பிளேடு ஒரு பெரிய விரோதி. மழுங்கிய பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். ஐந்து, ஆறு சவரத்துக்கு மேல் ஒன்றை வைத்து ஓட்டக் கூடாது. அமெரிக்காவில் ஜில்லெட் என்பவர் தூக்கி எறியும் பிளேடை விற்கத் தொடங்கிய 1903-ம் ஆண்டில் மொத்தம் விற்றது 168 பிளேடுதான்! "எறிவதற்கு ஒரு கத்தியா?" என்று அன்றைய ஜனங்கள் நினைத்து இருப்பார்கள். அடுத்த ஆண்டு விற்பனை லட்சத்தைத் தாண்டியது. எறிவதற்காகச் செய்த பொருளை எறிய மனம் வராதவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

அப்பாவின் பிளேடை மகன் எடுப்பது, அண்ணன் பிளேடைத் தம்பி எடுப்பது கூடாது. ஒரு வீட்டுக்குள்ளும் ஹெபடைடிஸ் பி இப்படிப் பரவலாம்.

சரி, எரிச்சல் வந்துவிட்டது. என்ன செய்வது?

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை ஐந்து நிமிஷம் வைத்தால் போதும். பாதி எரிச்சல் போய்விடும். சோற்றுக்கற்றாழை தடவலாம். மடலை வெட்டியதும் மஞ்சளாக ஒரு பால் வடியும். அது அரிப்பு தரும். அதை வடியவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவித்தான் தடவ வேண்டும். புதிதாகத் தடவுகிறவர் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் தடவிப் பார்ப்பது நல்லது. தோல் உலர்ந்து இழுத்தால், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். முகப்பரு உள்ள பையன்கள் மட்டும் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும்.

எலுமிச்சம்பழம் தேய்ப்பதும், சுருக்கென்று பிடிக்கும் வாசனைச் சாராயத்தைத் தட்டிக்கொள்வதும் புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான். "எரிந்தால்தான் கிருமி சாகும்" என்பது வெறும் நம்பிக்கை.

கழுத்தில் பொரிப்பொரியாக

சிலருக்கு எரிச்சல் மறுநாளும் போகாது. தாடைக்குக் கீழே பொரிப்பொரியாகக் கிளம்பும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். ஒட்டச் சவரம் செய்ததால் கூராக வெட்டுப்பட்ட முடி, வளரும்போது வளைந்து மறுபடி தோலுக்குள்ளேயே குத்திவிடுகிறது! தன் முடியே தனக்கு முள்.

இதைக் கிள்ளவோ, ஊசியால் குத்தவோ கூடாது. மூன்று, நான்கு வாரம் கத்தி படாமல் தாடியை விட்டுவிட்டால் பெரும்பாலும் ஆறிவிடும். வேலைக்குப் போகிறவர், தாடி விட முடியாதவர், முடிவெட்டும் மெஷினால் சிறிது முடி விட்டு வெட்டிக்கொள்ளலாம்.

இந்தச் சமயத்தில்தான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். மருந்துக்கடைக்குப் போய், "முகத்திலே அரிப்பு, ஏதாவது ஒரு டியூப் கொடுங்க" என்கிறார்கள். கடையில் கிடைப்பது பல சமயம் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தடவியதும் மாயம்போல் அரிப்பு நிற்கும். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, சிவந்து, சிறு ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரியும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு இருந்தும், சீட்டு கேட்காமல் கொடுப்பவர்கள் உண்டு. கேட்டு வாங்குகிற நாமும் ஒரு காரணம்தான்.

சீழ் வைத்தாலோ, வட்டமாகப் படை போலப் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கைக்கு எட்டும் தூரம்.

கடலுக்குப் போகிறவர், கல் செதுக்குகிறவர், மண்ணெடுக்கிறவர் எல்லோருக்கும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. சவரத்தை முதல் நாள் இரவே முடித்துவிடலாம். வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவி, சவரம் செய்துவிட்டுப் படுத்தால், தூங்கும் நேரத்தில் தோல் சற்று ஆறிக்கொள்கிறது. மறுநாள் காலையில் மாமல்லபுரத்து அலை வந்து முகத்தில் அடித்தாலும், பழைய எரிச்சல் இருக்காது.