ஆறாத புற்றுப்புண்: செவிலியர் முதலில் கவனிப்பது நாற்றத்தை

மார்பகம், வாய், கழுத்து ஆகிய பகுதிகளில் முற்றிய புற்றுநோய்க் கட்டி, சில நேரங்களில் தோலைப் பிளந்துகொண்டு காலிஃபிளவர் போல வெளியே வளர்கிறது. மருத்துவத்தில் இது 'ஃபங்கேட்டிங்' புண் எனப்படுகிறது. பெயரைக் கேட்டுப் பூஞ்சைத் தொற்று என எண்ண வேண்டாம். இது தொட்டால் பரவும் நோயும் அல்ல.

இத்தகைய புண் பெரும்பாலும் ஆறுவதில்லை. ஆகவே, செவிலியரின் மதிப்பீடும் மாறுபடுகிறது. புண்ணின் அளவு, ஆழம், நீர்க்கசிவு, இரத்தக்கசிவு, வலி, சுற்றியுள்ள தோலின் நிலை ஆகியவற்றுடன் நாற்றமும் அளவிடப்படுகிறது. கட்டைப் பிரிக்கும் முன்பே, அறைக்குள் நுழைந்தவுடன் வீசினால் அது கடுமையானது. பிரித்த பின்பும் மிக அருகில் சென்றால்தான் தெரியும் என்றால் லேசானது. நோயாளி தனியே அமர்ந்து உண்கிறாரா, உறவினர்களைச் சந்திக்கத் தயங்குகிறாரா என்பதையும் கேட்டறிய வேண்டும். வலியைவிட இந்த ஒதுக்கமே பலரை வாட்டுகிறது.

இரத்த ஓட்டமின்றி அழுகிய திசுவில், ஆக்சிஜன் இல்லாமல் வளரும் பாக்டீரியாக்களே நாற்றத்துக்கு முக்கியக் காரணம். அவற்றைக் கட்டுப்படுத்துவது மெட்ரோனிடசோல். அதன் மாத்திரையைப் பொடித்து, மருத்துவரின் ஆலோசனைப்படி புண்ணின் மீது தூவுவது இந்தியாவில் நெடுங்காலமாக உள்ள, செலவு குறைந்த வழி.

கேரளத்தில் 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பணியும், 2008-இல் மாநில அரசு அறிவித்த கொள்கையும் இத்தகைய பராமரிப்பை வீடுகளுக்கே கொண்டு சென்றன. வீட்டுக்கு வரும் செவிலியர், குடும்பத்தினரையும் இதற்குப் பழக்குகிறார்.

காய்ந்து ஒட்டிய கட்டை இழுக்கக் கூடாது. கொதிக்க வைத்து ஆறிய உப்புநீரால் நனைத்தே பிரிக்க வேண்டும். தேய்க்காமல், நீரை ஊற்றிக் கழுவ வேண்டும். மார்ஃபின் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், மருத்துவர் கூறிய அளவைக் கட்டு மாற்றுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு கொடுப்பது வேதனையைக் குறைக்கும். துவைத்து, கொதிக்க வைத்து உலர்த்திய பழைய பருத்தித் துணியே போதுமானது. சுற்றியுள்ள தோலில் வாசலின் தடவினால், கசியும் நீரால் அது புண்ணாகாது.

புழு வைத்துவிட்டால் சில குடும்பங்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுகின்றன. செவிலியருக்கு இது புதிதல்ல. டர்பென்டைன் நனைத்த துணியைப் புண்ணோரம் வைத்து, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் அகற்றிவிடுவார்.

இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 10 முதல் 15 நிமிடங்கள் விடாமல் அழுத்த வேண்டும். நிற்காவிட்டால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். படுக்கையருகே அடர் நிறத் துண்டு ஒன்று இருப்பது நல்லது. வெள்ளைத் துணியில் பரவும் சிவப்பைக் கண்டு நோயாளி அஞ்சாமல் இருப்பார்.